கரண்ட் இல்லாத தோட்டத்து வீட்டுக்கு எந்தக் கழிப்பறை? செட்டிநாட்டு மண்ணுக்கான கேள்வி-பதில்

காரைக்குடி, தேவகோட்டை, திருமயம், பொன்னமராவதி சுற்றுவட்டாரத்தில் தோட்டத்துக்குள் முந்நூறு, நானூறு சதுர அடியில் சின்ன வீடு கட்டுபவர்களுக்காக எழுதியது இது. ஈ.பி. லைன் வராத இடம், பாதாளச் சாக்கடை இல்லாத இடம், மழைக்காலத்தில் கழிவு லாரி நுழைய முடியாத வண்டிப்பாதை என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறோம்.

முதலில் பேசினைத் தேர்வு செய்வதா, குழியைத் தேர்வு செய்வதா?

குழியை. கடைக்குப் போய் வெள்ளைப் பீங்கானைப் பிடித்த பிறகு, அதற்கேற்ற குழியைத் தேடுவதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. பேசினில் ஊற்றிய தண்ணீரும் மலமும் எங்கே போய் நிற்கும், இரண்டு மூன்று வருடம் கழித்து அதை யார், எந்த நிலையில் வெளியே எடுப்பார் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். எடுக்கும்போது அது மக்கிய எருவாக இருக்க வேண்டும். இன்னொரு மனிதரைக் குழிக்குள் இறக்க வேண்டிய நிலை வரக்கூடிய எந்த ஏற்பாட்டையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

அதற்குத் தெரிய வேண்டியவை: ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வருகிறது, மண் தண்ணீரை எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது, அந்த வீட்டில் எத்தனை பேர் வருடத்தில் எத்தனை நாள் இருப்பார்கள்.

சுருக்கமாகச் சொன்னால் எது நல்லது?

மேட்டு நிலம், செம்மண் அல்லது மணல் கலந்த மண், கிணறு தள்ளி இருக்கிறது என்றால் இரட்டை உறிஞ்சுகுழிக் கழிப்பறை: இரண்டு குழியில் ஒன்று ஓடும்போது, நிறைந்த மற்றொன்று ஓய்வில் கிடந்து மக்கும். இதில் கரண்டும் வேண்டாம், நகரும் பாகமும் இல்லை, லாரியும் வேண்டாம். செட்டிநாட்டுத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும்.

கண்மாய்க்குக் கீழே வயலை ஒட்டிய களிமண், மழைக்காலத்தில் நாலைந்து அடியிலேயே ஊற்று, அல்லது குடிநீர்க் கிணறு பக்கத்திலேயே இருக்கிறது என்றால் தரைக்கு மேலே கட்டும் ஈகோசான் உலர் கழிப்பறை. மற்றவை எல்லாம் தனிப்பட்ட தேவைகளுக்கானவை.

மண்ணை எப்படிச் சோதிப்பது?

குழி போடப்போகும் இடத்தில், குழி எவ்வளவு ஆழம் போகுமோ அந்த ஆழம்வரை ஒரு சின்னப் பள்ளம் தோண்டுங்கள். அடிப்பகுதி ஓரடிக்குள் அகலம் இருந்தால் போதும். பக்கச் சுவரில் கடப்பாரை வழுவழுப்பாக்கிய மண்ணைச் சுரண்டிவிட்டு, அடியில் இரண்டு அங்குலம் சரளை போடுங்கள். ஓரடி உயரம் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊற விடுங்கள். காய்ந்த மண் முதலில் ஆவலாகக் குடிக்கும். அந்த அளவை நம்பக் கூடாது என்பதால்தான் இந்த ஊறல். மறுநாள் சரளைக்கு மேல் ஆறு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி செய்து, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குச்சி நட்டுப் பாருங்கள்.

முப்பது நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி தாராளமாக வேலை செய்யும். முப்பது முதல் அறுபது நிமிடம் என்றால் குழியை மட்டும் நம்பாமல் நீளவாக்கில் சரளை வாய்க்கால் போட்டுத் தண்ணீரைப் பரப்ப வேண்டும். ஒரு மணி நேரத்துக்கும் மேலானால் அந்த மண்ணில் உறிஞ்சுகுழி வேண்டாம்.

இந்தச் சோதனையைச் சித்திரையில் செய்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையில்தான் கண்மாய்கள் நிறைகின்றன. கண்மாய் நிறைந்த பிறகு, கரைக்கு வெளிப்பக்கத்து நிலத்தில் கசிவு நீர் எதிர்பாராத உயரத்துக்கு ஏறும். கார்த்திகையில் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்த்து, குழியின் அடிமட்டம் அதற்குக் குறைந்தது ஆறரை அடி மேலே இருக்கும்படி வையுங்கள்.

எங்கள் நிலம் செம்பூராங்கல். தண்ணீர் ஊற்றினால் நொடியில் காணாமல் போகிறது. அது நல்லதுதானே?

குழிக்கு நல்லது, கிணற்றுக்கு ஆபத்து. செம்பூராங்கல்லில் பொந்தும் வெடிப்பும் அதிகம். கழிவுநீர் மண்ணில் மெல்ல ஊறிப் போகும்போதுதான் கிருமி வடிகட்டப்படுகிறது. வெடிப்பு வழியாக ஓடினால் வடிகட்டல் எதுவும் நடக்காமல் நேரே ஊற்றில் போய்ச் சேரும்.

இப்படிப்பட்ட பூமியில் குழியை ஏழடி அகலத்துக்குத் தோண்டி, நடுவில் கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறையை இறக்கி, உறையைச் சுற்றி அரை மீட்டர் கனத்துக்குப் பூச்சு மணல் போன்ற மெல்லிய மணலை நிரப்புங்கள். குழியின் அடித்தளத்தைக் கான்கிரீட் போட்டு மூடிவிடுங்கள். தண்ணீர் பக்கவாட்டில் மணல் வழியாக மட்டும் போகட்டும். மண் வேலை கூடும், மணல் செலவும் கூடும். குடிக்கிற தண்ணீரை நினைத்தால் இது தவிர்க்கக் கூடாத செலவு.

கிணறு, போர்வெல், ஊருணி: எவ்வளவு தள்ளி?

கிணற்றுக்கும் போருக்கும் குறைந்தது 10 மீட்டர், அதாவது முப்பத்து மூன்று அடி. நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்திலும் செம்பூராங்கல்லிலும் 15 மீட்டருக்குக் குறையாதீர்கள். குழி கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கம் அமைய வேண்டும்.

ஊருணிக்கு அடி அளந்தால் மட்டும் போதாது. செட்டிநாட்டு ஊருணிகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் உங்கள் நிலத்தின் வழியாகப் போகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வாய்க்கால் என்பதால், மனை வாங்கும்போது வெறும் பள்ளமாகத்தான் தெரியும். ஊரில் பெரியவர்களைக் கேட்டால் எந்தப் பள்ளம் எந்த ஊருணிக்குப் போகிறது என்று காட்டிவிடுவார்கள். அந்தப் பாதையிலோ அதன் ஓரத்திலோ குழி வெட்டுவது ஊர் குடிக்கும் தண்ணீரில் கைவைப்பது.

இரட்டைக் குழியை எப்படிக் கட்டுவது? அளவு சொல்லுங்கள்.

ஐந்து பேர் வரையுள்ள வீட்டுக்கு மூன்றடி விட்டம், ஐந்தடி ஆழத்தில் இரண்டு குழிகள். கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை, ஓரடி உயரமுள்ளது, குழிக்கு ஐந்து என்று பத்து வாங்குங்கள். மேல் உறை இரண்டும் ஓட்டை இல்லாதவை, மீதி எட்டும் பக்கத்தில் ஓட்டை விட்டு வார்த்தவை. செங்கல்லில் கட்டுவதானால் மேலே ஓரடி கெட்டிக் கட்டு, அதற்குக் கீழே ஜாலி விட்டுக் கட்டு. மணற்பாங்கான மண்ணில் ஜாலி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், மண் உள்ளே சரியும். அடித்தளம் வெறும் மண்ணாகவே இருக்கட்டும் (செம்பூராங்கல், கிணறு அருகில் என்ற நிலை தவிர).

இரண்டு குழிக்கும் நடுவே நான்கடி இடைவெளி விடுங்கள். நெருங்கினால் ஓடும் குழியின் தண்ணீர் ஓய்வில் இருக்கும் குழிக்குள் கசிந்து, மக்கல் நின்றுபோகும்.

பேசினிலிருந்து குழிக்கு நான்கு அங்குல பி.வி.சி. பைப். பதினைந்து அடிக்கு ஓரடி இறக்கம் கட்டாயம். குறைந்த தண்ணீரில் மலம் நகர வேண்டும் என்றால் இந்தச் சரிவுதான் அதை நகர்த்துகிறது. நடுவில் ஒரு ஒய்-சேம்பர்: உள்ளே ஒரு வழி வரும், இரண்டு வழி பிரியும். ஒரு வழியைச் செங்கல்லும் குழைத்த களிமண்ணும் வைத்து அடைத்துவிடுங்கள். சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள், பிறகு உடைக்க வேண்டியிருக்கும்.

மூடி, கம்பி கட்டி வார்த்த இரண்டு அங்குலக் கனமுள்ள கான்கிரீட் பலகை. இரண்டு பாதியாக வார்த்தால் இரண்டு பேரே தூக்கலாம். மூடி தரையைவிட நான்கு அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. தண்ணீர் தேங்கும் நிலமென்றால் உறையைத் தரைக்கு மேல் ஓரடி உயர்த்தி, சுற்றிலும் ஐந்தடி அகலத்துக்கு மண் அணைத்துக் கெட்டிப்படுத்துங்கள்.

வென்ட் பைப் வேண்டாம். குழியின் வாயு ஓட்டைகள் வழியாக மண்ணுக்குள் போய்விடும். பைப் வைத்தால்தான் நாற்றமும் கொசுவும் வெளியே வரும்.

குளியலறைத் தண்ணீர், சமையலறைத் தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் எதையும் இந்தக் குழியில் விடாதீர்கள். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மூன்றடி விட்டக் குழியில் தண்ணீர் நிற்கும் நான்கடிக்குப் பக்கச் சுவரின் பரப்பு ஏறத்தாழ மூன்றரை சதுர மீட்டர். மணல் கலந்த செம்மண் ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு 30 லிட்டர் அளவுக்கு நீண்ட காலம் உறிஞ்சும். ஆக, குழி நாளுக்கு நூறு லிட்டர் தாங்கும். தண்ணீரை அளந்து ஊற்றும் ஐந்து பேரின் கழிப்பறைத் தண்ணீர் ஐம்பது லிட்டருக்குள் அடங்கும். ஒரே ஒரு ஆள் குளித்த தண்ணீரைக் கூட்டினாலே கணக்கு நெருக்கடிக்கு வந்துவிடும். களி கலந்த மண்ணில் உறிஞ்சல் 10 லிட்டர்தான். அங்கே இதே குழி நாளுக்கு முப்பத்தைந்து லிட்டருக்கு மேல் தாங்காது. மூன்று பேருக்குத்தான் சரி.

கொத்தனார் ஒரே குழியாகப் பத்தடி ஆழம் போட்டால் ஆயுசுக்கும் நிறையாது என்கிறார்.

பத்தடிக் குழி நிறையாமல் இருப்பதற்குக் காரணம் பல இடங்களில் அது ஊற்றைத் தொட்டுவிட்டது என்பதுதான். மலம் நேரே நிலத்தடி நீரில் கரைந்து போகிறது. நிறைகிற குழியாக இருந்தாலோ, நிறையும் நாளில் மேலே கிடப்பது நேற்றைய மலம். அதைப் பாதுகாப்பாக எடுக்க வழியே இல்லை.

இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. இரண்டு குழி வெட்டிவிட்டு, முதல் குழி நிரம்பி வழிந்தால் இரண்டாவதற்குப் போகும்படி தொடராக இணைத்துவிடுவது. பார்க்க இரட்டைக் குழி மாதிரியே இருக்கும். ஆனால் இரண்டும் எப்போதும் ஈரமாக இருக்கும், எதுவும் ஓய்வெடுக்காது, மக்காது. வேலை நடக்கும்போது ஒய்-சேம்பரைத் திறந்து, உங்கள் கண்ணால் ஒரு வழி அடைபட்டிருப்பதைப் பார்த்த பிறகு மீதிக் கூலியைக் கொடுங்கள்.

குழி எத்தனை வருடத்தில் நிறையும்? நிறைந்தால் என்ன செய்வது?

உலர்ந்த மண்ணில் ஒருவருக்கு வருடத்துக்கு 0.045 கன மீட்டர் கசடு சேரும் என்பது திட்டமிடக் கணக்கு. மேலே சொன்ன குழியில் கசடுக்கான இடம் ஏறக்குறைய 0.8 கன மீட்டர். ஐந்து பேருக்கு மூன்று, மூன்றரை வருடம். கணவன் மனைவி மட்டும் என்றால் எட்டு வருடத்துக்கு மேல்.

தண்ணீர் இறங்க நேரம் எடுத்தால், சேம்பரில் தண்ணீர் தங்கி நின்றால் மாற்றும் நேரம். கையுறை போட்டுக்கொண்டு சேம்பரைத் திறந்து, அடைப்பை எடுத்து, நிறைந்த குழிக்குப் போகும் வழியை அடையுங்கள். அன்றைய தேதியை மூடியின் மேல் பெயிண்டில் எழுதிவிடுங்கள். இரண்டு வருடம் தொடாதீர்கள்.

இரண்டு வருடம் ஓய்வெடுத்த கசடு கருப்பாக, நாற்றம் இல்லாமல், வடித்து உலர்ந்த காப்பித்தூள் போலப் பொலபொலவென்று இருக்கும். நீளக் காம்பு மண்வெட்டியால் மேலிருந்தே அள்ளித் தென்னை, மா, பலா மரங்களுக்கு வட்டப்பாத்தியில் போட்டு மண் மூடலாம். திறந்ததும் ஈரமும் நாற்றமும் இருந்தால் எங்கிருந்தோ தண்ணீர் உள்ளே வருகிறது. மூடிவிட்டு அந்தக் கசிவைத் தேடுங்கள்.

தண்ணீர் குறைவு. எந்தப் பேசின் வாங்க வேண்டும்?

ஊரகக் கழிப்பறைக்கென்று செய்யும் அதிகச் சரிவுப் பேசின் வாங்குங்கள். அடிச்சரிவு 25 முதல் 28 பாகை, அதன் டிராப்பில் (பேசினுக்கு அடியில் தண்ணீர் நின்று குழி வாடையைத் தடுக்கும் வளைவு) 20 மில்லிமீட்டர் தண்ணீர்தான் நிற்கும். ஒன்றரை, இரண்டு லிட்டரில் சுத்தமாகப் போய்விடும். சாதாரண இந்தியன் பேசினின் டிராப்பில் 50 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்பதால் ஆறு லிட்டராவது வேண்டும்.

நான்கு பேர், ஆளுக்கு நாளுக்கு ஐந்து தடவை என்று வைத்தால் நாற்பது லிட்டருக்கும் நூற்றிருபது லிட்டருக்கும் உள்ள வித்தியாசம். சோலார் பம்பு சின்னதாக இருந்து, மழைமூட்டமான கார்த்திகை வாரத்தில் தொட்டி நிறையாமல் போகும்போது இது புரியும். கடையில் பேசினும் டிராப்பும் தனித்தனியாக விற்பார்கள். சரிவுப் பேசினை வாங்கிவிட்டு அதற்குச் சாதாரண டிராப்பை மாட்டினால் பலன் எல்லாம் போய்விடும். இரண்டையும் ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஈகோசான் என்றால் என்ன? நம் வழக்கத்துக்குச் சரிப்படுமா?

சிறுநீர், மலம், கழுவும் தண்ணீர் மூன்றையும் கலக்கவிடாமல் தனித்தனி வழியில் விடும் கழிப்பறை. மலம் தரைக்கு மேலேயுள்ள அறையில் சாம்பலோடு சேர்ந்து உலரும். திருச்சி மாவட்டம் முசிறியில் 2006-இல் இந்த முறையில் பொதுக் கழிப்பறையே கட்டினார்கள். அதை முன்னெடுத்த ஸ்கோப் அமைப்பின் மாராச்சி சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. தண்ணீர் விட்டுக் கழுவும் நம் வழக்கத்தை மாற்றாமலே இது நடக்கும் என்பதற்கு அந்த ஊர் பக்கத்திலேயே இருக்கும் சான்று.

கட்டுவது இப்படி: தரைமட்டத்துக்கு மேலே அரையடி உயர்ந்த கான்கிரீட் தளம். அதன்மேல் இரண்டு அறைகள், ஒவ்வொன்றும் உள்ளளவில் மூன்றடிக்கு மூன்றடி, உயரம் இரண்டரை அடி. உள்பக்கம் முழுக்கச் சிமெண்ட் பூச்சு. பின்பக்கம் ஒன்றரை அடிச் சதுரத்தில் ஆள் கை நுழையும் கதவு. அதைச் சுண்ணாம்புச் சாந்தில் மெல்ல அடைத்தால் போதும். மேலே தளம், அதில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பேசின். அறைக்கு ஒரு நான்கு அங்குல வென்ட் பைப், கூரைக்கு மேல் இரண்டடி உயரம், கருப்புப் பெயிண்ட், உச்சியில் கொசுவலை. இரட்டைக் குழிக்கு வேண்டாம் என்ற பைப் இங்கே கட்டாயம் வேண்டும். வெயிலில் சூடேறிக் காற்றை மேலிழுப்பது அதுதான்.

ஒரு நேரத்தில் ஒரு அறைதான் ஓடும். போன பிறகு ஒரு பெரிய கரண்டி விறகுச் சாம்பல் அல்லது சலித்த காய்ந்த செம்மண். கொஞ்சம் நீர்த்த சுண்ணாம்புத் தூள் கலந்தால் இன்னும் நல்லது. பிறகு நகர்ந்து, கழுவும் மேடையில் கழுவ வேண்டும். ஐந்து பேருக்கு ஓர் அறை ஒரு வருடம் வரும். நிறைந்ததும் மூடி, அடுத்த அறைக்கு மாறுங்கள். நம் வெப்பநிலையில் ஒரு வருடத்துக்கு மேல் சேமித்து வைத்தது எருவாகப் போட ஏற்றது.

கழுவிய தண்ணீர் சரளை நிரப்பிய சின்னப் பாத்திக்குப் போகட்டும். மேலே கல்வாழை அல்லது வாழை நடுங்கள். அந்தப் பாத்தியில் கீரை, வெங்காயம், கிழங்கு எதுவும் வேண்டாம்.

கெட்டுப்போவது எப்போதும் ஒரே காரணத்தால்தான்: அறைக்குள் தண்ணீர். விருந்தாளி பழக்கதோஷத்தில் மலத்துளையிலேயே கழுவிவிடுவார். இரண்டே நாளில் நாற்றம், ஒரு வாரத்தில் புழு. உடனே இரண்டு மூன்று சட்டி சாம்பலும் உலர்ந்த தென்னை நார்க்கழிவும் கொட்டிவிட்டால் சமாளித்துவிடலாம். நார்க்கழிவு ஈரத்தை நன்றாகக் குடிக்கும். கயிறு, நார்த் தொழில் நடக்கும் சிங்கம்புணரிப் பக்கம் மூட்டையாகக் கிடைக்கும். மலத்துளைக்குப் பிடிவைத்த மூடி போடுவதும், சுவரில் படம் வரைந்து வைப்பதும் வார்த்தையில் விளக்குவதைவிடப் பலன் தரும்.

ஒன்றை மறைக்கக் கூடாது: தரைக்கு மேலே கட்டுவதால் நாலைந்து படி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டும் முன் யோசியுங்கள், அல்லது நிலச்சரிவைப் பயன்படுத்தி மேட்டுப்பக்கம் வாசல் வையுங்கள்.

சேரும் சிறுநீரை என்ன செய்வது?

மரத்துக்கு ஊற்றலாம், அருமையான தழைச்சத்து. ஒரு லிட்டரில் மூன்று முதல் ஐந்து கிராம் தழைச்சத்து இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வளர்ந்த நெட்டைத் தென்னைக்கு வருடத்துக்கு 560 கிராம் தழைச்சத்து என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அப்படியானால் இருபது லிட்டர் கேனில் ஆறு முதல் ஒன்பது கேன் ஒரு மரத்தின் ஒரு வருடத் தழைச்சத்துக்கு ஈடாகும். சாம்பல் சத்து போதாது, அதைத் தனியாகக் கொடுங்கள்.

ஒரு பங்குக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, அடிமரத்தில் படாமல் வட்டப்பாத்தியில் ஊற்றி மண் மூடுங்கள். மரத்தை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். சிறுநீரில் உப்பு உண்டு. மழை குறைந்த நம் மண்ணில் அது கழுவிப் போகாமல் தங்கும். தென்னை தாங்கும், எலுமிச்சை தாங்காது. காய்கறிக்கு ஊற்றினால் அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

பைப் இரண்டு அங்குலம், வளைவு குறைவாக, இருபத்தைந்து அடிக்கு ஓரடி சரிவு. சரிவு குறைந்தால் உள்ளே வெள்ளைக் கல் படிந்து அடைக்கும். இரும்பு, பித்தளைப் பாகம் எதுவும் வேண்டாம், அரித்துவிடும். பைப்பின் நுனி கேனின் அடிவரை போகட்டும். மேலிருந்து கொட்டினால்தான் அமோனியா வாடை கிளம்புகிறது.

வெளிநாட்டு வீடியோக்களில் மரத்தூள் வாளி வைக்கிறார்களே?

அது காகிதத்தால் துடைக்கும் பழக்கத்துக்காக உருவானது. கழுவும் தண்ணீர் வாளிக்குள் விழுந்தால் மரத்தூள் எவ்வளவு போட்டாலும் சேறாகிவிடும். வேறு இடத்தில் கழுவும் பழக்கம் வந்தால் இங்கேயும் நடக்கும். அப்படியானாலும் இருவருக்கு இருபது லிட்டர் வாளி மூன்று, நான்கு நாளில் நிறையும். அதைச் சுமந்துபோய் மூன்றடிக் கன மூங்கில் அல்லது செங்கல் கூண்டில் கொட்டி, வைக்கோல் மூடி, கூண்டு நிறைந்தபின் ஒரு வருடம் விட வேண்டும். வீடு கட்டி முடிக்கும்வரை தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஏற்றது. பிளைவுட் பட்டறைத் தூளை வாங்காதீர்கள், பசை கலந்திருக்கும்.

எரிக்கும் டாய்லெட், கேசட் டாய்லெட்?

எரிக்கும் வகைக்கு கேஸோ கரண்டோ நிறைய வேண்டும், கழுவிய தண்ணீரையும் சேர்த்து அது கொதிக்கவைக்க வேண்டியிருக்கும். நமக்கு வேண்டாம். கேசட் வகையில் இருப்பது, கழற்றி எடுத்துக் கொட்டும் சுமார் இருபது லிட்டர் பெட்டிதான். தண்ணீர் ஊற்றிக் கழுவும் இருவருக்கு ஓரிரு நாள். பிறகு அதைக் கொட்ட உங்களுக்கு இன்னொரு கழிப்பறை வேண்டும்.

பயோ டாய்லெட் தொட்டி வைத்தால் கழிவே மிஞ்சாது என்று விற்கிறார்கள்.

பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. குளிர்ப் பகுதி ராணுவ முகாம்களுக்காக உருவாக்கிய பாக்டீரியாத் தொட்டிதான் இதன் மூலம். ரயில் பெட்டிகளிலும் அதுவே இருக்கிறது. மலத்தை நன்றாகக் கரைக்கும், உண்மை. ஆனால் வெளிவரும் தண்ணீரில் கிருமி இருக்கும், அதற்கு உறிஞ்சுகுழியோ கல்வாழைப் பாத்தியோ வேண்டும். ஆசிட், பிளீச்சிங் பவுடர் போட்டால் பாக்டீரியா செத்துவிடும். களிமண்ணில் வைத்தால் மண்ணின் சிக்கல் அப்படியேதான் இருக்கும்.

பிளாஸ்டிக் தொட்டி எதுவானாலும் புதைக்கும்போதே தண்ணீர் நிரப்பிவிடுங்கள். காலியாகப் புதைத்த தொட்டி மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது மிதந்து, பைப்பை முறித்துக்கொண்டு மேலே வரும்.

செப்டிக் டேங்க்தான் வேண்டும் என்றால்?

ஐந்து பேருக்கு நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் முக்கால் மீட்டர், தண்ணீர் ஆழம் ஒரு மீட்டர், அதற்கு மேல் ஓரடி காலியிடம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லாரி வந்து உறிஞ்ச வேண்டும். லாரி வரும் பாதை இல்லாத தோட்டத்தில் இதைக் கட்டினால், கடைசியில் யாரையாவது உள்ளே இறக்கச் சொல்லும் நிலை வரும். அது, மனிதரை வைத்து மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். உள்ளே இருக்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். யாரும், எந்தக் காரணத்துக்கும், இறங்கக் கூடாது.

மாடு இருக்கிறது. சாண எரிவாயுக் கலனோடு இணைக்கலாமா?

நல்ல யோசனை. ஒரு கன மீட்டர் கலனுக்குத் தினம் இருபத்தைந்து கிலோ சாணம் வேண்டும். கழிப்பறை மட்டும் போதாது. ஓர் ஆளின் மலத்தில் கிடைக்கும் வாயு மிகக் கொஞ்சம். குறைந்த தண்ணீர்ப் பேசினே வைக்க வேண்டும், பினாயில் கூடாது. வெளிவரும் குழம்பை நேராகக் காய்கறிக்கு விடாமல் உலர்த்தி, மக்கவைத்து மரங்களுக்கு மட்டும் போடுங்கள்.

வீடு பெரும்பாலும் பூட்டியே இருக்கும். படைப்புக்கும் (முன்னோருக்குப் படையல் போடும் வழிபாடு) பொங்கலுக்கும் மட்டும் முப்பது பேர் வருவோம்.

செட்டிநாட்டில் இது சகஜம், ஆனால் கழிப்பறைக்குக் கஷ்டமான பயன்பாடு. இரண்டு பிரச்சினை. பூட்டியிருக்கும்போது டிராப்பில் நிற்கும் தண்ணீர் ஆவியாகிவிடும்; 20 மில்லிமீட்டர்தான் என்பதால் கோடையில் சீக்கிரமே வற்றும். குழியின் வாடையும் கரப்பானும் வீட்டுக்குள் வரும். கிளம்பும் நாளில் டிராப்பில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் ஆவியாவதைத் தடுக்கும்.

ஆட்கள் கூடும்போது, முப்பது பேர் ஐந்து தடவை, இரண்டு லிட்டர் என்றால் முந்நூறு லிட்டர். மேலே சொன்ன குழி தாங்குவது நூறு. நிறைய காலம் சும்மா கிடந்த குழி முதல் நாள் தாங்கினாலும் இரண்டாம் நாள் மறிக்கும். ஓய்வில் இருக்கும் குழியைத் திறந்துவிடாதீர்கள், இரண்டு வருட மக்கல் வீணாகும். அந்த இரண்டு நாளுக்கு நடமாடும் கழிப்பறை வாடகைக்கு எடுங்கள். சிறுநீர் கழிக்க மட்டும் தென்னந்தோப்பு ஓரம் தட்டி கட்டித் தனி இடம் ஒதுக்கினாலே குழிக்குப் போகும் சுமை பெரும்பகுதி குறையும். உலர் கழிப்பறைக்கு இந்த விடுமுறைப் பழக்கம் நன்மை. காய்வதற்கு நேரம் கிடைக்கிறது.

ஆச்சியால் குந்தி உட்கார முடியாது. வெஸ்டர்ன் வைத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. மருத்துவச் சாதனக் கடைகளில் கிடைக்கும் துளையுள்ள ஸ்டீல் கமோட் ஸ்டூலைச் சரிவுப் பேசினுக்கு மேல் வைத்தால் போதும். கால்களுக்கு ரப்பர் புஷ் இருக்கிறதா என்று பாருங்கள். எழுந்திருக்க வலப்பக்கச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, சிமெண்டில் ஆழப் பதித்தது. வெஸ்டர்ன்தான் என்றால் 3/6 லிட்டர் இரட்டைப் பொத்தான் வகை. ஆனால் குழிக்குப் போகும் தண்ணீர் கூடுவதால் மண் கணக்கை மறுபடி போட வேண்டும்.

கழிப்பறைத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாமா?

திண்ணைக்கும் கூடத்துக்கும் போடுங்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டும் மணலும் சேர்த்து வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதமாக்கியது, சூளையில் சுட்டதல்ல. சிறுநீரை உறிஞ்சும், ஆசிட் பட்டால் பூவேலை அரித்துவிடும். கழிப்பறைக்குச் சொரசொரப்பான சாதாரண டைல்ஸோ, கடப்பாக் கல்லோ நல்லது.

அரசு உதவித்தொகை கிடைக்குமா?

தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவில், தகுதியுள்ள குடும்பங்களுக்கு வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. அந்தக் கிராமத்திலேயே குடியிருந்து, வீட்டில் கழிப்பறை இல்லாதவர்களுக்கானது அது. வார இறுதிக்கு வரும் தோட்டத்து வீட்டுக்குப் பொருந்தாது. உங்கள் தோட்டத்தில் குடியிருந்து வேலை செய்யும் குடும்பத்துக்குத் தகுதி இருக்கலாம். ஊராட்சிச் செயலரிடம் கேட்டு, அவர்கள் வீட்டுக்கும் அதே கொத்தனாரை வைத்து அதே அளவில் இரட்டைக் குழி போட்டுக் கொடுங்கள்.